சூடு ஆறாத சாணம்

மூன்றாவது மேட்டில் கஸ்பார் நின்றார். இயற்கையை ரசிக்க நின்றதாகச் சொன்னார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நடைப்பயிற்சி மன்றத் தலைவர், இமயமலை ஏறியவர் என்று காரிமங்கலமே அவரை அறியும். ஏறியது ஜீப்பில் என்பதை மனைவி இன்னாசியம்மாள் மட்டும் அறிவாள். பங்குனியில் அவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த சங்கதியும் வீட்டுப் படி தாண்டவில்லை. மகள் ஆக்சிலியாவுக்கு நிச்சயம் முடிந்திருக்கிறது. பெண்ணின் அப்பனுக்கு இருதயக் கோளாறு என்ற பேச்சு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

அந்த மாப்பிள்ளையின் அப்பா சூசைராஜ்தான் முன்னால் நடந்துகொண்டிருந்தார். "இமயமலைக்காரருக்கு நம்மூரு காடு எம்மாத்திரமுங்க?" என்று நிச்சயப் பந்தியிலேயே அவர் ஆரம்பித்தது, பென்னாகரத்துக்கு அப்பால், செல்போனும் எடுக்காத இந்தக் காப்புக்காட்டுப் பாதையில் கொண்டுவந்து விட்டிருந்தது. கஸ்பாரின் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சம்மந்திக்குக் களைப்பா இருக்கும். இன்னும் எவ்ளோ தூரம்ப்பா?" என்றார் கஸ்பார், வழிகாட்டி மாதுவிடம்.

"இனிமேத்தான் ஏத்தமே வருதுங்க சார்."

வளைவில், பாதை நடுவே யானைச் சாணம் கிடந்தது. காய்ந்து வெடித்து, மேலே வெள்ளைக் காளான்கள்கூடக் குடை விரித்திருந்தன. கூடவே நடந்து வந்த இன்னாசியம்மாள் சாணத்தைப் பார்த்தாள். புருஷனின் வெளுத்த உதட்டைப் பார்த்தாள். குனிந்து விரலைச் செருகினாள்.

"ஏங்க, இன்னும் சூடா இருக்குதுங்க."

மாது வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"சூடாவா?" கஸ்பாருக்குக் குரல் திரும்பி வந்தது. "எனக்கொண்ணும் பயமில்ல. ஆனை நிக்கிற எடத்துக்குச் சம்மந்தியக் கூட்டிட்டுப் போறதா?"

இனி எல்லாம் சூசைராஜின் கையில். முப்பது வருஷமாக மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர். சாணத்தின் வயது அவருக்குத் தெரியாமல் இருக்காது. மெல்லக் குனிந்து உள்ளங்கையை வைத்தார். கஸ்பார் மாதாவை வேண்டிக்கொண்டார்.

சூசைராஜ் வெடுக்கென்று கையை இழுத்து உதறினார். ஒரு காளான் ஒட்டிக்கொண்டு வந்தது.

"கொதிக்குதுங்க சம்மந்தி!"

"அப்ப எறங்கிரலாமுங்களா?"

"பொறவு? நம்மள நம்பிப் பொம்பளையும் வந்திருக்குதில்லீங்க."

"ஆமாமா, எனக்காவ எறங்குங்க," என்றாள் இன்னாசியம்மாள்.

கஸ்பார் அவள் தோளைப் பிடித்து மெல்ல இறங்கினார். யானைக்குச் சத்தம் கேட்கக் கூடாதாம். சூசைராஜ் அதைவிட மெல்ல வந்தார். பின்னால் மாது இருமிக்கொண்டே இருந்தான். சிரிப்பை அடக்கினால் அப்படித்தான் வரும்.

அடிவாரப் புளியமரத்தடியில் நெஞ்சுத் தட்டல் ஓய்ந்தது. வைட்டமின் என்று சொல்லி இன்னாசியம்மாள் கொடுத்த மாத்திரையைக் கஸ்பார் விழுங்கினார். எதிர்ப் பாறையில் சூசைராஜ் "ஸ்... அப்பாடா" என்று காலை நீட்டினார். அவர் முழங்கால் மூட்டுக்குப் போட்டிருந்த இறுக்குப் பட்டை பேண்ட்டுக்குள்ளேயே வழுக்கி, ஷூவின் மேல் வந்து சுருண்டு கிடந்தது. கஸ்பார் சட்டென்று மரத்தை அண்ணாந்து பார்த்தார். அங்கே ஒரு குரங்கு, இரண்டு சம்பந்திகளையும் மாறிமாறிப் பார்த்தபடி, நிதானமாகப் புளியம்பழம் உரித்துக்கொண்டிருந்தது.