எட்டாம் பட்டை

வியாழக்கிழமை மூன்று மணிக்குள் நவமணியை வீட்டுக்கு அழைத்துப் போய்விட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் காயம் கட்டுகிற டிரஸ்ஸர் செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டார். கட்டில் வேறொருத்திக்கு வேண்டுமாம். அவள் வயிற்றிலிருந்து தேங்காயளவு கட்டியை எடுத்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. அந்தக் கட்டியைத்தான் நாங்கள் இரண்டு பேரும் நாலு மாதம் பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு முறை தையல் பிரிந்து, காய்ச்சல் கண்டு, மறுபடி தைத்தார்கள்.

"இன்னொரு தடவை பிரிஞ்சா எங்க கையில ஒண்ணும் இல்ல, சுப்பையா. படுக்க வச்சு, குலுங்காமக் கொண்டு போங்க" என்றார் டிரஸ்ஸர். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

குலுங்காமல்! என் காரை ஒரு தடவை பார்த்திருந்தால் அந்த மனிதர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

டவுனில் சௌராஸ்தா பசாரிலிருந்து எங்கள் வீடு இருக்கிற கெலுகோர்த் தோப்பு வரைக்கும் வாடகைக் கார் ஓட்டுகிறவன் நான். கார் ஏழு பேர் உட்காரும் பழைய வண்டி. பின்னால் நீளமான மெத்தை, நடுவில் மடக்கு நாற்காலி இரண்டு. ஏழு பேருக்கு என்று செய்த வண்டியில் பதினொன்றுக்குக் குறைந்து நான் ஏற்றியதில்லை. அதற்காக இரண்டு சம்மன் வாங்கியிருக்கிறேன். மூன்றாவது வந்தால் லைசென்ஸ் போய்விடும். "மூட்டையில நெல்ல அடைக்கிற மாதிரி ஆள அடைக்கிறீங்க, அதுங்களும் மனுசங்கதானே" என்று நவமணி பதினொரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள். பாரம் சுமந்து சுமந்து பின்பக்கத்து ஸ்பிரிங் இரண்டும் செத்துப்போயிருந்தன. இடது பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகளில் இரண்டு முறிந்து கம்பியால் கட்டி வைத்திருந்தேன். வலது பக்கத்தில் ஸ்பிரிங்கைப் பிடிக்கிற ஆணி தேய்ந்து, துளை முட்டை வடிவமாகி, பள்ளத்தில் இறங்கினால் இரும்பும் இரும்பும் மோதிக்கொள்ளும்.

வேறு வழி பார்க்காமல் இல்லை. ஆஸ்பத்திரி வண்டி ஆளைக் கொண்டுவர மட்டும்தானாம், கொண்டுபோக இல்லையாம். ரிக்‌ஷாவில் படுக்க முடியாது. அதே ரோட்டில் கார் ஓட்டுகிற முகம்மது கனி பக்கத்து வீட்டுக்காரன், நல்ல பிள்ளை, கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டான். ஆனால் அவனுடையது சின்னக் கார். அதில் கோழிதான் படுக்கும். ஆக, என் காரின் ஸ்பிரிங்கை மாற்றியே ஆக வேண்டும், வியாழன் மத்தியானத்துக்குள் மாற்ற வேண்டும், வேறு யாரும் இல்லை, நானேதான் மாற்ற வேண்டும்.

புதன்கிழமை காலையில் டவுனுக்குப் போய்ப் பழைய இரும்புக்கடை முதலாளி சீனத் தவுக்கேயிடம் அதே மாதிரி வண்டியில் கழற்றிய ஸ்பிரிங் கட்டு இரண்டு வாங்கினேன். ஏழு ஏழு பட்டை. அதிகம் ஓடாதவை, வளைவு நன்றாக இருந்தது. கனி அவன் காரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். வீட்டு வாசலில் தென்னை மரத்தடியில் காரை நிறுத்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, தென்னங்கட்டைகளை அடியில் கொடுத்துவிட்டு மல்லாக்கப் படுத்தேன்.

படுத்தவுடன் தூக்கம் வந்தது. வெட்கக்கேடு. இருபத்தாறு நாளாகக் காலையில் கஞ்சி காய்ச்சி ஆஸ்பத்திரிக்குப் போய், பகலில் கார் ஓட்டி, சாயங்காலம் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய், வீட்டுக்கு வந்து துணி துவைத்து, இப்படியே போய்க்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்த நட்டுகள் ஒன்றும் அசையவில்லை. கடற்காற்றில் துருப்பிடித்து இரும்போடு இரும்பாக ஒட்டிப்போயிருந்தன. ஸ்பானர் வழுக்கி விரல் முட்டி தோலுரிந்தது. துரு கண்ணில் விழுந்தது. முகத்துக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்த அந்த இரும்பைப் பார்த்து, என் வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. நாலு நட்டில் மூன்று கழன்றது; நாலாவதை உளி வைத்து வெட்டினேன். துருவேறிய ஆணியை அடித்து வெளியே தள்ளுவதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. இடது பக்கத்தை முடித்தபோது வெளிச்சம் போய்விட்டது.

வலது பக்கம் வியாழன் காலை. கனி சவாரியை விட்டுவிட்டு வந்து ஜாக்கியைப் பிடித்தான்.

"எட்டாவது போட்டாச்சாண்ணே?" என்றான்.

"அது போடாமலா?" என்றேன்.

எங்கள் ரோட்டில் ஓடுகிற எந்த வாடகைக் காரிலும் ஸ்பிரிங் வாங்கினபடி இருக்காது. ஏழு பட்டைக் கட்டாக வாங்குவோம். அவிழ்த்து, பழைய கட்டிலிருந்து முறியாத பட்டை ஒன்றை எடுத்து நடுவில் செருகி, எட்டாக்கி இறுக்கிக் கட்டுவோம். அப்போதுதான் பதினொரு பேரும் மீன் கூடையும் ஏறினால் வண்டி தாங்கும். இதை யோசித்துச் செய்வதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகிற மாதிரிதான் அது. கை செருகியது, கை இறுக்கியது. நான் நவமணியை நினைத்துக்கொண்டுதான் அந்தப் பட்டையை உள்ளே வைத்தேன், அதுதான் கொடுமை.

பன்னிரண்டரை மணிக்குக் காரைக் கீழே இறக்கினோம். பின்பக்கம் நிமிர்ந்து, அழகாக நின்றது. மெத்தையைத் துடைத்து, தலையணை போட்டு, அவளுடைய சிவப்புப் போர்வையை விரித்தேன். பிறகு எனக்கு ஒரு எண்ணம் தோன்றியது.

"கனி, நீ ஓட்டு. நான் படுத்துப் பார்க்கிறேன்."

பதினொரு வருஷத்தில் என் காரின் பின்மெத்தையில் நான் ஏறியதில்லை. முழங்காலை மடக்கிப் படுத்து, அவளுக்குத் தையல் இருக்கிற இடத்தில் என் வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டேன். தோப்புப் பாதையில் வண்டி போயிற்று. முதல் வேரில் ஏறி இறங்கியதும் மெத்தை என்னை மேலே எறிந்தது. இரண்டாவது வேரில் தலை கதவில் இடித்தது. பழைய செத்த ஸ்பிரிங்காவது தொய்ந்து கொடுக்கும். இது பலகை மாதிரி இருந்தது. ஆளில்லாத வண்டிக்கு எட்டுப் பட்டை! பதினொரு பேருக்குப் போட்டு வைத்திருக்கிறேன், வரப்போகிறவளோ ஒருத்தி, அதுவும் ஒரு மாதமாகக் கஞ்சி மட்டும் குடித்து எலும்பாகிப் போனவள்.

"நிறுத்துடா" என்று கத்தினேன்.

கனி திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. "கழட்டிடலாமாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டான்.

மணி ஒன்று. கழற்றி, கட்டை அவிழ்த்து, மறுபடி மாட்ட இருட்டிவிடும். அதைவிட, என் கையில் பலம் இல்லை. விரல்கள் மடங்கவே இல்லை. மெத்தையில் உட்கார்ந்தபடியே அழுதேன். ஐம்பது வயது ஆம்பிளை, கனி எதிரில். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"மெதுவாப் போவோம்ணே. நடை வேகத்துல போவோம்" என்றான். வேறு என்ன சொல்வான்?

ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்திவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம். நவமணி உட்காரவைக்கப்பட்டிருந்தாள். சேலை உடம்பில் நிற்கவில்லை. "ஸ்பிரிங் மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள். "மாத்திட்டேன்" என்றேன்.

ஸ்டிரெச்சரில் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், என் கார் நிறைய ஆட்கள். நோயாளிகளைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றவர்கள், கெலுகோர்க் காரைக் கண்டதும் வழக்கம்போல ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மடக்கு நாற்காலியில் இரண்டு மலாய் மீனவர்கள். முன்னால் ஒரு சீனக் கிழவர், அவர் மருமகள். பின்மெத்தையில், பாதி வழியில் இருக்கிற ஜெலுத்தோங்கில் அப்பம் விற்கிற சபூரா அக்கா, இன்னும் இரண்டு பெண்கள். பின்னால் சாமான் கட்டுகிற சட்டத்தில் வேறு இரண்டு பேர்.

"எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க! இது சவாரி வண்டி இல்ல இன்னிக்கு!" எனக்கு வந்த கோபத்தில் தொண்டை கிழிந்தது. எல்லாரும் திகைத்துப்போய்க் கதவைத் திறந்தார்கள்.

கனி என் தோளைப் பிடித்தான். "அண்ணே, இருங்க. சக்கரத்தப் பாருங்க."

பார்த்தேன். வண்டி நாலு விரற்கடை இறங்கி உட்கார்ந்திருந்தது. வில்லாய் வளைந்து நின்ற பட்டைகள் தளர்ந்து நேராகியிருந்தன. கனி பின்பக்க மட்காட்டில் கையை வைத்து அழுத்தினான். வண்டி தொட்டில் மாதிரி மெல்ல இறங்கி மெல்ல ஏறியது.

நான் சபூரா அக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். தமிழில் பாதி, மலாயில் பாதி, எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னேன். வயிற்றில் தையல், காரில் பாரம் இல்லாவிட்டால் குலுங்கும், காசு யாரும் தரவேண்டாம், ஏறி உட்கார்ந்தால் போதும்.

"அட, இதுக்கா இப்படிக் கத்தின? தூக்குங்க லா, என் மடியில தலைய வைங்க" என்றாள் சபூரா அக்கா. மற்ற இரண்டு பெண்களும் கீழே கால் வைக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு மெத்தையை விட்டுக்கொடுத்தார்கள். கனி மிதிபலகையில் தொற்றிக்கொண்டான். அவளோடும் என்னோடும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். அன்றைக்கு வழியில் எந்தப் போலீஸ் மாத்தாமாத்தாவும் கையைக் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்.

ஜெலுத்தோங் வரை நன்றாகத்தான் போனோம். பள்ளம் வந்தால் வண்டி குனிந்து எழுந்தது, அவ்வளவுதான். ஜெலுத்தோங் பசார் வந்ததும் வழக்கப்படி ஆட்கள் இறங்கினார்கள். சீனக் கிழவரும் மருமகளும், சட்டத்தில் இருந்த இரண்டு பேரும். அது அவர்கள் ஊர்; இறங்காமல் என்ன செய்வார்கள்? சபூரா அக்காவுக்கும் அதுதான் ஊர், அவள் மட்டும் அசையவில்லை. பின்பக்கம் உயர்ந்தது எனக்கு ஆசனத்திலேயே தெரிந்தது. வண்டியை நகர்த்தி ஒரு சின்ன மேட்டில் ஏற்றினேன். பின்னாலிருந்து "அம்மா" என்று ஒரு குரல். பிரேக்கை மிதித்தேன்.

இனிமேல்தான் கெட்ட ரோடு. கடைசி அரை மைல் தோப்பு, வேர் மேல் வேர். கீழே இறங்கி நின்று, பதினொரு வருஷம் கத்திய கத்தலைக் கத்தினேன். "கெலுகோர்! கெலுகோர்!" அந்த வெயிலில் ஒரு ஆள் வரவில்லை. இறங்கிய நாலு பேரும் நான் ஏன் கிளம்பாமல் நிற்கிறேன் என்று ஓரமாக நின்று பார்த்தார்கள். இங்கே வீட்டு வாசலில் இறங்கியவர்களை எந்த முகத்தோடு இரண்டு மைல் தாண்டி வாருங்கள் என்று கேட்பது?

அப்போது உள்ளேயிருந்து நவமணியின் குரல் வந்தது. மெலிந்த குரல், ஆனால் என்னைத் திட்டுகிற அதே குரல்.

"என்ன நின்னுக்கிட்டு இருக்கீங்க? ஆள ஏத்துங்க."

"யாரும் வரலம்மா."

"வருவாங்க. நெருக்கி உட்காரச் சொல்லுங்க. இன்னும் நாலு பேர ஏத்துங்க."

பதினொரு வருஷத்தில் அவள் வாயிலிருந்து இதைக் கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை. சபூரா அக்கா சிரித்துவிட்டாள். பிறகு ஜன்னலில் தலையை நீட்டி, அந்த நாலு பேரைப் பார்த்து மலாயில் ஏதோ அதட்டினாள். சீனக் கிழவர் மருமகள் கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டு, முன்கதவைத் திறந்து, பழைய இடத்திலேயே ஏறி உட்கார்ந்தார். மருமகளும் ஏறினாள். சட்டத்துக்காரர்கள் இரண்டு பேரும் பின்னால் தாவினார்கள். வண்டி இறங்கியது.

தோப்புக்குள் நடை வேகத்தில்தான் போனேன். ஒவ்வொரு வேரையும் நான் எண்ணினேன். வாசலில் தென்னை மரத்தடிக்கு வந்து எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். சபூரா அக்கா உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். நவமணி அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கை வயிற்றின் மேல் இருந்தது. முகத்தில் வலி இல்லை. இருபத்தாறு நாளில் அந்த முகத்தை அப்படி நான் பார்க்கவில்லை.

முன்னால் இருந்த மருமகள் கதவில் கை வைத்தாள். வண்டி லேசாக அசைந்தது. கிழவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். பாரம் இறங்கினால் வண்டி எழும்பும், எழும்பினால் இவள் விழித்துக்கொள்வாள். அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மீனவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். பின்னால் இருந்த இரண்டு பேரும் சட்டத்தைப் பிடித்தபடி அப்படியே இருந்தார்கள். ஒருத்தரும் இறங்கவில்லை.

நான் ஸ்டீரிங் மேல் தலையைச் சாய்த்தேன். அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கனி என்னை எழுப்பியபோது வெயில் தணிந்திருந்தது, அவர்கள் எல்லாரும் அசையாமல் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்கள்.