அவுட்பாக்ஸில் கிடந்தது

புதிய கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று அறந்தாங்கியில் தூறல். பெய்கிறதா நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாத தூறல். கடைக்கு வெளியே போகிற பஸ்களின் ஹாரன்கூட எங்கோ தூரத்தில் கேட்பது போல இருந்தது. புவனேஸ்வரி மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தகடாக ஒரு திரை, அவ்வளவுதான். கீழே பெட்டி இல்லை, வயர்க் கூட்டம் இல்லை, இரைச்சல் இல்லை. ஆன் செய்தால் ஆனதா என்றே சந்தேகமாக இருந்தது. இத்தனை வருஷம் உறுமிக்கொண்டே உழைத்த பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர், தங்கையைப் பெண் பார்க்க வந்த வீட்டில் அக்கா மாதிரி, ஓரமாக ஒதுங்கி இருந்தது.

புவனேஸ்வரிக்கு டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் என்று ஊரில் யார் வந்தாலும் போனாலும் அவள் விரலைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்னால் கடை, பின்னால் வீடு. இந்த மேக் கம்ப்யூட்டரைத் திருச்சி வரை போய் வாங்கி வந்தவன் அவள் கணவன் நிலவழகன். குவைத்தில் ஏசி மெக்கானிக்காகப் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பியவன். பழையது என்றைக்கு வேண்டுமானாலும் நின்றுபோகும், நல்லதாக ஒன்று இருக்கட்டும் என்று வாங்கி வைத்துவிட்டு, பிடித்திருக்கிறதா என்று ஒதுங்கி நின்று கேட்டான்.

அவன் எல்லாவற்றையும் அப்படித்தான் கேட்பான். ஃபேன் போட்டுக்கொள்ளட்டுமா, அடுப்படிக்குள் வரலாமா, இந்தச் சட்டையை இங்கே மாட்டலாமா. தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் தானே விருந்தாளியாக நடமாடுகிற ஆளை என்ன செய்வது? கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. மரியாதையாக நடப்பவனிடம் என்னவென்று சண்டை போடுவாள்?

அவனுக்குத் தமிழ் டைப்பிங் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். கல்யாணம் முடிந்து அவன் விமானம் ஏறுவதற்கு முன்னால் கிடைத்த சில மாதங்களில் நடந்தது அது. இப்போது போல போனில் தட்டினால் தமிழ் வருகிற காலம் இல்லை. அச்சு வேலைக்காரர்கள் வைத்திருந்த ஒரு ஃபாண்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டால், ஆங்கிலச் சாவியை அழுத்தும்போது திரையில் தமிழ் எழுத்து விழும். எந்தச் சாவிக்கு எந்த எழுத்து என்பது அவளுக்கு விரலில் இருந்தது. அவனுக்குச் சுத்தமாகப் பிடிபடவில்லை. அதனால் துண்டுத் துண்டாகக் காகிதம் வெட்டி, தமிழ் எழுத்துகளை எழுதி, கீபோர்டின் ஒவ்வொரு சாவியிலும் ஆங்கில எழுத்து மறையாதபடி ஒட்டி, மேலே டேப் போட்டுக் கொடுத்தாள். ஒற்றை விரலால் தேடித் தேடி அவன் முதன்முதலில் அடித்தது அவள் பெயரைத்தான். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற சாவி மட்டும் அப்போதே லொடலொடத்துப் போயிருந்தது. அழுத்தினால் டொக்கென்று தனியாகச் சத்தம் போடும்.

அவன் குவைத் போன பிறகும் அதே ஃபாண்டில்தான் மெயில் எழுதிக்கொண்டார்கள். கிறுக்குத்தனம்தான். ஃபாண்ட் உள்ள கம்ப்யூட்டரில் அது தமிழ். இல்லாத கம்ப்யூட்டரிலோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தலைகால் புரியாத குப்பை. அவன் ஒரு சீடியில் அந்த ஃபாண்டைக் கொண்டுபோய், நெட் சென்டர்காரனிடம் கெஞ்சி ஏற்ற வைத்துப் படித்தான். இங்கே இவள் கம்ப்யூட்டரிலிருந்து போன் வயரைக் கழற்றி வைத்துவிட்டு எழுதுவாள். இணைப்பில் இருக்கிற நேரமெல்லாம் போன் பில் ஏறுகிற காலம். எழுதி முடித்து அனுப்புகிற பட்டனை அமுக்கினால் மெயில் அவுட்பாக்ஸில் போய்க் காத்திருக்கும். வயரைச் செருகினால்தான் கிளம்பும்.

வயர் செருகாத மெயில் ஒன்று அங்கே கிடந்தது.

அவனுடைய முதல் காண்ட்ராக்ட் முடிகிற சமயம். வெள்ளிக்கிழமை போன் வந்தது. கூடத்தில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு மாமியாரும் நாத்தனார் பிரகதீஸ்வரியும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு தடவை கையெழுத்துப் போடட்டுமா, வந்துவிடட்டுமா என்று அவன் பொதுவாகத்தான் கேட்டான். ஆனால் யாரைக் கேட்டான் என்று அவளுக்குத் தெரியும். மாமியார் எதிரே புருஷனைப் பார்த்து வா என்று சொல்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. வீடு பாதிச் சுவரில் நின்றது, பிரகதீஸ்வரிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து வந்துவிட்டாள். வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, சொல்லாததையெல்லாம் எழுதினாள். பட்டனையும் அமுக்கினாள். வயரைக் கையில் எடுத்தவள் அப்படியே வெகுநேரம் இருந்தாள். பிறகு ஆணியில் மாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வயரைச் செருகவே இல்லை, பேச்செல்லாம் வெள்ளிக்கிழமை போனோடு சரி.

அவன் கையெழுத்துப் போட்டான். அடுத்த முறையும் போட்டான். அதற்கடுத்த முறை யாரும் யாரையும் கேட்கவே இல்லை. வீடு முடிந்தது, பிரகதீஸ்வரி கல்யாணமாகிப் போனாள், மாமியார் காலமானார். கிருதா நரைத்துத் திரும்பி வந்த புதிதில், சாப்பிட்டுக்கொண்டே சிரித்தபடி ஒரு நாள் அவன் சொன்னான்:

“நீ வேணாம்னும் சொல்லல, வான்னும் சொல்லல. சரி, ஒனக்கு இதுதான் தோது போலன்னு இருந்துட்டேன்.”

அவள் ரசம் ஊற்றினாள். வேறென்ன செய்ய? ஒரு வயரைச் செருகியிருந்தால் அத்தனை வருஷமும் நம்முடையதாக இருந்திருக்கும் என்று, எல்லாம் போன பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாள்? சொன்னால் அவன் தாங்குவானா என்பதைவிட, தன்னை மன்னிப்பானா என்கிற பயம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அந்த மெயிலைக் காட்டவும் துணிவில்லை, அழிக்கவும் மனசில்லை. கடைக்கு பிராட்பேண்ட் வந்த பிறகு பிரவுசரிலேயே மெயில் பார்க்கப் பழகிக்கொண்டாள். பழைய மெயில் புரோகிராமுக்கு இணைப்பே கொடுக்கவில்லை. அதற்குள் அவனுடைய மெயில்களும், அவளுடைய அந்த ஒன்றும், பத்திரமாகத் தூங்கின.

பைல்களை மாற்றிக் கொடுக்கப் புதுக்கோட்டையிலிருந்து பிரவீன்குமார் வந்தார். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், நிதானமான மனுஷன். பத்திரிகை டிசைன்களைவிட மெயில்தான் முக்கியம், ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது என்று அவள் சொல்லி வைத்தாள். விண்டோஸில் இருக்கிற அந்தப் பழைய மெயிலை மேக் நேராக வாங்கிக்கொள்ளாது என்றார் அவர். முதலில் எல்லாவற்றையும் இணையத்துக்கு மேலே ஏற்றிவிட்டு, அங்கிருந்து புதியதில் இறக்கிக்கொள்ளலாமாம். அவள் தலையாட்டினாள்.

மெயில்கள் ஒவ்வொன்றாக ஏற ஆரம்பித்தன. பச்சைக் கோடு நகர்ந்தது. புவனேஸ்வரி டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். தூறலுக்கு மேலே, மேகத்துக்கு மேலே, அவன் எழுதியதெல்லாம் வரிசையாகப் போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டாள். கட்டுமாவடிக் கடலைத் தாண்டி, பாலைவனத்தைத் தாண்டி வந்த வார்த்தைகள், இப்போது இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்குப் போக வானத்துக்கு ஏறி இறங்குகின்றன. நினைக்க நினைக்கத் தூக்கம் போல ஒரு சுகம் வந்தது. நிலவழகன் காலையிலேயே மீன் வாங்கக் கட்டுமாவடிக்குப் போயிருந்தான். அவன் வருவதற்குள் வேலை முடிந்துவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை.

பிரவீன்குமார் உள்ளேயிருந்து சாதாரணமாகச் சொன்னார்: “அவுட்பாக்ஸ்ல ஒண்ணு நின்னுட்டு இருந்துச்சுக்கா. லைன் குடுத்ததும் அதுபாட்டுக்குப் போயிருச்சு.”

டீ டம்ளர் கையில் இருந்தது. சூடு தெரியவில்லை. யாருக்குப் போனது என்று அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நிலவழகனின் மெயில் முகவரி அன்று போட்டதுதான், அதே முகவரி அவன் போனில் இருக்கிறது. திரும்ப வாங்க முடியுமா என்று மட்டும் கேட்டாள். போனது போனதுதான் என்றார் அவர்.

பெட்டியில் மிச்சமிருந்த டிசைன் பைல்களைத் தன் கடையில் வைத்து எடுக்கிறேன் என்று பழைய கம்ப்யூட்டரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டார் பிரவீன்குமார். தமிழ் ஃபாண்ட் மேக்கில் இன்னும் ஏறவில்லை, அதை நாளைக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார். பழைய கீபோர்டு இனி வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவள் நிலவழகனுக்கு போன் போட்டாள். ஏதோ குப்பை மெயில் வரும், பார்க்காமல் அழித்துவிடுங்கள் என்று சொல்வதற்குத்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மழையில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான்.

திரையில் அவனுடைய பழைய மெயில்கள் வந்து நின்றன. எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. அவள் கண் அதைப் பார்த்தது, விரல்கள் தாமாகவே மேஜைமேல் நகர்ந்தன. விரல் நகர நகரக் காதுக்குள் அவன் பேச ஆரம்பித்தான். நம்மூரில் மழை உண்டா என்று கேட்டான். இங்கே ஏசி ரிப்பேர் பார்க்கப் போகும் வீடுகளில் மல்லிகைச் செடி தொட்டியில் இருக்கிறது, பூக்க மாட்டேன் என்கிறது என்றான். நேற்று உன் கனவு வந்தது, நீ அதில் என்னிடம் எதுவோ சொன்னாய், முழித்ததும் மறந்துவிட்டது என்றான். அவள் எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, தூறல் நின்று வெயில் கடைக்குள் வந்து, அவள் கைமேல் விழுந்து, கையை விட்டு விலகியும் போனது.

வண்டிச் சத்தம் கேட்டது. நிலவழகன் மீன் பையோடு வந்தான். கட்டுமாவடிப் பக்கம் மழை விடவில்லை போல, சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். உள்ளே வரலாமா என்று அவன் பார்வை கேட்டது. அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

புதுக் கம்ப்யூட்டருக்கு எல்லாம் வந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டு, அவன் போனை எடுத்துத் துடைத்தான்.

“ஒன்கிட்ட இருந்து மெயில் ஒண்ணு வந்துருக்கு புவனா. ஒரே குப்பையாத் தெரியுது. அங்கிட்டுப் போன புதுசுல இப்படித்தான் தெரிஞ்சுச்சு.”

போன் திரையில் அவளுடைய மெயில். அதன் கடைசி வார்த்தை te;JUq;f என்று இருந்தது. அவளுக்கு அது கண்ணில் குத்தியது.

“அது பழசு. மாத்தையில போயிருச்சு.”

“அழிச்சிரவா?”

“ஒங்க இஷ்டம்.”

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அதே இரண்டு வார்த்தை, அதே குரல். அன்று கூடத்தில் ஸ்பீக்கருக்கு முன்னால் சொன்னது. இப்போது மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை, பாதிச் சுவர் இல்லை. இவளும் இவனும் ஒரு மீன் பையும் மட்டும்தான். இன்னும் யாருக்குப் பயந்து இந்தப் பேச்சு என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. அவன் சரி என்று தலையாட்டிவிட்டு, அழிக்கப் போகிற விரலைத் தூக்கினான். அவன் அப்படித்தான், சொன்னதைக் கேட்பவன்.

புவனேஸ்வரி பையைக் கீழே வைத்தாள். மூலையில் கிடந்த பழைய கீபோர்டை எடுத்து, முந்தானையால் தூசியைத் துடைத்து, அவன் முன்னால் மேஜையில் வைத்தாள். டேப் பழுத்திருந்தது. உள்ளே அவள் கையெழுத்தில் ககரமும் மகரமும் மங்கலாகத் தெரிந்தன. எதற்கும் இணைக்காத அதன் வயர் மேஜையிலிருந்து தரைக்குத் தொங்கியது.

“அழிக்காதீங்க. படிங்க.”

சொல்லிவிட்டு அங்கே நிற்கத் தைரியம் இல்லாமல் பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தாள். மீனைக் கையில் எடுத்தாளே தவிர அறுக்கவில்லை.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு சாவி. வெகுநேரம் கழித்து இன்னொன்று. போனைப் பார்த்து, அந்த ஆங்கில எழுத்தைக் கீபோர்டில் தேடி, அழுத்தி, மேலே ஒட்டியிருக்கிற தமிழ் எழுத்தைப் படிக்கிறான். ஒற்றை விரல்தான். புள்ளி வரும்போதெல்லாம் அந்த லொடலொடத்த சாவி டொக்கென்றது. அவள் எழுதியது அவளுக்கு மனப்பாடம். அதனால் அவன் எங்கே இருக்கிறான் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. வீடு பாதியில் நின்றால் நிற்கட்டும் என்ற இடத்தைத் தாண்டுகிறான். கூரை இல்லாவிட்டாலும் எனக்குப் பரவாயில்லை என்ற இடத்தில் சற்று நின்றான். எல்லோர் முன்னாலும் சொல்ல வாய் வரவில்லை என்கிற வரிக்குப் போகும்போது சத்தம் வேகமானது. விரலுக்குப் பழையது ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. தன் வீட்டில் எங்கே ஓடுவது?

கடைசி வார்த்தைக்கு வந்துவிட்டான். ஒரு சாவி. இன்னொன்று, டொக். அடுத்து ஒன்று, அடுத்து ஒன்று. பிறகு ஒன்று, டொக். கடைசியாக ஒன்று. வந்துருங்க.

சத்தம் நின்றது. நாற்காலி நகர்ந்தது. அவன் கூடத்தைத் தாண்டி நடந்து வருவது கேட்டது. அடுப்படி வாசலில் எப்போதும் நிற்பான், நின்று கேட்பான். இன்று நிற்கவில்லை. நனைந்த சட்டையோடு நேராக உள்ளே வந்து, அவளுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் கோபமாக இல்லை. அழுதிருந்தான், அதை மறைக்கவும் இல்லை.

அவள் கையிலிருந்த மீனை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, செதில் ஒட்டியிருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வந்துட்டேன்” என்றான்.