சரி சொன்ன குழந்தை

எஸ்டிமேட்காரர் வீட்டுக் குழந்தை பிறப்பதற்கு முன்பே பேசிவிட்டது. பேசியது ஒரே வார்த்தை: "சரி." இதைத் தெருவில் நம்பாதவர் கிடையாது, ஏனென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த தையல்காரர் காதிலும் அது விழுந்தது, அவர் இல்லாததைச் சொல்கிற ஆள் இல்லை. எஸ்டிமேட்காரர் வீடு கட்டுகிறவர்களுக்குச் செலவைக் கணித்துக் கொடுப்பவர். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும், எதிரே இருப்பவர் வரிக்கு வரி "சரி" சொல்ல வேண்டும். சரி வாங்காத வரி செல்லாது. மனைவி உண்டானதும் மனிதர் பழக்க தோஷத்தில் குழந்தைக்கும் ஒரு எஸ்டிமேட் போட்டார். பிரசவம், தடுப்பூசி, பால், துணி, பள்ளிக்கூடம், வருகிற காய்ச்சல், வராத காய்ச்சல் என்று கல்லூரிவரை இழுத்துக் கூட்டினால், தொகை அவருடைய வாழ்நாள் சம்பளத்தைத் தாண்டிப் போய் நின்றது. ஜன்னலின் அகலத்தைக் குறைப்பதுபோல ஒவ்வொன்றாகக் குறைத்து, மாலையில் மனைவிக்கு வாசித்துக் காட்டினார். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று பில் போட்டுவிட்டு வந்தவள், வீங்கிய கால்களை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு சரி, சரி என்றாள்.

ஒருநாள் "பால், அரை லிட்டர்" என்று அவர் வாசித்தபோது அவள் வாய் நிறையத் தண்ணீர் இருந்தது. ஆனாலும் சரி வந்தது. குரல் சின்னதாக, ரொம்ப மரியாதையாக, வயிற்றுக்குள்ளிருந்து வந்தது. அவள் தண்ணீரை விழுங்க மறந்து அவரையே பார்த்தாள். அவர் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தி "பொம்மை, கிடையாது" என்றார். சரி. "படுக்கத் தனி இடம், கிடையாது." சரி. மறுநாள் அவளுடைய உடை இடுப்பில் தொளதொளவென்று தொங்கியது. ஸ்கேன் எடுக்கும் அம்மாள் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "இதயம் நல்லாத்தாம்மா துடிக்குது. ஆனா போன தடவை இத விடப் பெருசா இருந்துச்சே, இது ஏன் சுருங்குது?" என்றாள். எஸ்டிமேட்காரருக்கு அங்கேயே புரிந்துபோயிற்று. எப்படியாவது வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று அது எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறது. விட்டுக்கொடுத்த அளவுக்குத் தானும் குறைகிறது.

அடித்துப் பிடித்து வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கூட்டி வாசித்தார். பால் ஒரு லிட்டர், பொம்மை கூடை நிறைய, தொட்டில் தேக்கில். உள்ளிருந்து சத்தமே இல்லை. மொத்தத் தொகையை அது ஏற்கெனவே கேட்டுவிட்டதே, இனிமேல் ஏமாறுமா? வாசிப்பதை அடியோடு நிறுத்திப் பார்த்தார்கள், அதுவும் பலிக்கவில்லை. கரண்ட் பில்லைப் பார்த்து அவள் பெருமூச்சு விட்டால் உள்ளே சரி. செருப்பு அறுந்து அவர் "அடச்சே" என்றால் சரி. வீட்டுக்காரர் வாடகைக்கு வந்து வாசலில் இருமினால் அதற்கும் ஒரு சரி. புருஷனும் பெண்டாட்டியும் மூச்சு விடவே பயந்து, ஜாடையில் பேசிக்கொண்டார்கள். மாதம் ஏற ஏற வயிறு இறங்கிக்கொண்டே வந்தது. குழந்தை ஒரு கைப்பிடி அளவுக்கு வந்த அன்றைக்கு அவள் பயமெல்லாம் வெடித்துக் கத்தினாள். "ஏங்க, எல்லாத்தயும் அது தலையிலயே கழிக்கிறீங்களே! நாம ரெண்டு பேர் குத்துக்கல்லாட்டம் இருக்கோமே, நம்மள எங்கயாவது போட்டீங்களா?"

போடவில்லைதான். கட்டட எஸ்டிமேட்டில் மணல் வரும், கம்பி வரும், குடியிருக்கப் போகிறவர் வரமாட்டார். அந்தப் பழக்கம் இங்கே வந்து கழுத்தை அறுத்திருந்தது. அவர் எதிரே உட்கார்ந்து, "அப்பா. பைக், கிடையாது" என்றார். "சரி" என்றாள் அவள். வயிற்றில் ஓர் உதை விழுந்தது. "அம்மா. புதுத் துணி, கிடையாது" என்று அவள் தானாகவே சொன்னாள். அவர் அழுதுகொண்டே சரி சொன்னார். அப்படியே மாறி மாறிச் சொல்லிக்கொண்டே போனார்கள். வயிறு எழும்பியது. அவருடைய சட்டைக் கை இறங்கி விரல்களை மூடியது.

பிரசவத்தில் பெண் குழந்தை, நல்ல எடை, நல்ல தொண்டை. பெற்றவர்கள் இருவரும் ஒரு சாண் குட்டையாகியிருந்தார்கள். எஸ்டிமேட்காரர் பேன்ட்டுகளை அள்ளிக்கொண்டு போனபோது தையல்காரர் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. "எத்தனாவது?" என்று கேட்டார். "மொதல்." "அப்ப வெட்ட வேணாம், மடிச்சுத் தைக்கிறேன். இன்னும் எறங்கும்." நான்கு பிள்ளை பெற்ற அந்த மனிதர் மிஷின் மிதியில் கால் எட்டாமல் மரக்கட்டை கட்டி மிதித்துக்கொண்டிருந்தார்.

எஸ்டிமேட்காரர் வீட்டில் அதன்பிறகு யாரும் சரி என்று சொல்வதில்லை. எங்கே குழந்தையின் வாயில் அது மறுபடி வந்துவிடுமோ என்ற பயம் அவரை விடவில்லை. அது சோற்றைக் குறைவாகத் தின்றாலும், பொம்மைக் கடையைப் பேசாமல் கடந்தாலும் அவர் பதறிப்போவார். மூன்று வயதில் ஒருநாள் மகள் அந்தக் கடை வாசலில் தரையில் விழுந்து, காலை உதைத்து, "வேணும்! எனக்கு வேணும்!" என்று தெருவே கேட்க அலறினாள். எஸ்டிமேட்காரர் நடுத்தெருவில் நின்று ஓவென்று அழுதார். பிறகு எம்பி நின்று கடை மேஜையை எட்டிப் பிடித்து, விலை கேட்காமல் வாங்கிக் கொடுத்தார். திரும்பி வரும்போது பேன்ட் தரையில் இழுபட்டது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் அவளைப் பிடித்தபடி தையல்காரர் கடைக்குள் நுழைந்தார்.