இலை உதிர்க்காத மரம்

சாவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் சீனி அதைச் சொன்னார். நாற்பத்து நான்கு வருஷம் வாயைத் திறக்காத மனுஷன், ஈப்போவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி மனைவி கருப்பம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லா மரமும் மொட்டையா நின்னுச்சு. ஒண்ணு மட்டும் பச்சையா இருந்துச்சு. அதுக்கு அடியிலதான் வச்சேன்.”

வைத்தது அவர்களுடைய மூத்த மகளை. பிறந்து பதினோராம் நாள் காய்ச்சலில் போய்விட்டது. பதினாறாம் நாள் பெயர் வைப்பதாக இருந்தார்கள், அதனால் பெயரும் இல்லை. பச்சைப் பிள்ளையைப் புதைக்க வேண்டும், பெண்கள் கூடப் போகக் கூடாது, எங்கே என்று பிறகு கேட்கவும் கூடாது. சீனி துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு தோட்டத்தின் மூன்றாம் டிவிசன் ரப்பர் பால்மரக் காட்டுக்குப் போனார். கருப்பம்மாள் லயத்து வரிசை வீட்டில் பால் கட்டிய மார்போடு கிடந்தாள். இந்தச் சட்டத்தையெல்லாம் போட்டவன் யாரோ தெரியாது. பிள்ளை பெற்றவள் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

மறு வருஷமே தோட்டத்தை விட்டு ஈப்போவில் சிலிபினுக்கு வந்துவிட்டார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது பார்க்க வேண்டியதாயிற்று. தாப்பாவிலிருந்து தெலுக் இந்தான் போகும் சாலையில் தோட்டமெல்லாம் எண்ணெய்ச் செம்பனை ஆகிவிட்டது. மூன்றாம் டிவிசனில் மட்டும் ஒரு துண்டு பால்மரக் காடு வெட்டுவாரில்லாமல் நின்றது. அதையும் வீடு கட்ட விற்றுவிட்டார்கள். “அடுத்த சீனப் பெருநாள் முடிஞ்சதும் மெஷின் வந்துரும்லா, அம்மா,” என்றான் அங்கே சூப்பர்வைசராக இருந்த விக்னேஸ்வரன். அதற்குள் பிள்ளை இருக்கும் இடத்தில் பிடிமண் எடுக்க வேண்டும். அப்பன் சாம்பலைக் கரைத்த லுமுட் கடலிலேயே அதையும் கரைத்துவிட்டால் பிள்ளை அப்பனிடம் போய்ச் சேர்ந்துவிடும். தவறினால் யாரோ ஒருவருடைய அடுப்படிக்குக் கீழே தனியாகக் கிடக்கும். இந்த நினைப்பில் கருப்பம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் தடவை இளைய மகள் தினேஸ்வரியோடு போனது சித்திரையில். எல்லா மரமும் தளதளவென்று பச்சை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் நின்றாள். இலை உதிர்வதற்கு இன்னும் பத்து மாதம் இருந்தது. பெத்த மனம் பித்து அல்லவா, அவளால் காத்திருக்க முடியவில்லை. ஆறாவது நிரையில், தடத்தின் பக்கம் சாய்ந்திருந்த ஒரு மரத்தடியில் போய் நின்றபோது, அறுபத்தாறு வயதில், அவளுக்குப் பால் கட்டியதுபோல் மார்பு கனத்தது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா என்று அந்த மரத்தையே பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தினேஸ்வரியின் மைவி காரில் வந்து இறங்குவாள். மரத்தடியில் ஒரு கிண்ணம் பால் வைப்பாள். அடுத்த முறை வரும்போது கிண்ணம் காய்ந்திருக்கும். நாய் குடித்திருக்கும் என்று அவளுக்கும் தெரியும், ஆனாலும் சந்தோஷப்பட்டாள். ஆவணி வெயிலில் காய்கள் பட்பட்டென்று வெடித்து விதை தெறித்தது. மற்ற மரத்துக் காய் வெடித்தால் அது சத்தம். இந்த மரத்துக் காய் வெடித்தால் பிள்ளை விளையாடுகிறது. ஐப்பசி மழையில் மரத்தடி சொதசொதவென்று ஊறியபோது வீட்டில் போர்த்திக்கொண்டு படுக்க அவளுக்கு மனசு வரவில்லை. சிலிபின் வீட்டில் மத்தியானம் கண்ணயர்ந்தால் பக்கத்தில் ஈரத்துணி வாடை அடித்தது. எழுந்து தேடினால் ஒன்றும் இருக்காது.

“மா, சாப்பிட்டியா?” என்று தினேஸ்வரி போன் செய்வாள்.

“ரெண்டு பேருமே சாப்பிட்டோம்,” என்பாள் கருப்பம்மாள். தினேஸ்வரி போனை வைத்துவிடுவாள்.

தை பிறந்தது. காட்டில் இலைகள் பழுத்துச் சிவந்தன. பூசத்துக்கு மறுநாள் போனார்கள். காடு முழுவதும் மொட்டை. கருப்பம்மாள் கீழே பார்த்தபடியே ஆறாவது நிரைக்கு நடந்து போய், பிறகுதான் நிமிர்ந்தாள். அவளுடைய மரத்திலும் ஓர் இலை இல்லை.

அவள் நிரை நிரையாகத் தேடினாள். பச்சையாக ஒன்றும் நிற்கவில்லை.

விக்னேஸ்வரன் பின்னாலேயே வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

“அம்மா, உங்க பிள்ளை எந்த வருஷம் தவறுச்சு?”

“எம்பத்தொண்ணு.”

“இது தொண்ணூத்தி நாலுல நட்ட காடும்மா. ரோட்டோரம் போர்டுல தாஹுன் தானாம்னு நட்ட வருஷம் போட்டிருக்கே. அந்தப் பழைய மரமெல்லாம் அப்பவே சாச்சுட்டாங்க.”

கருப்பம்மாள் பால் வெட்டிய கைக்காரி. பால்மரத்துக்கு ஆயுசு முப்பது வருஷம் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தே மறந்திருந்தாள். பத்து மாதமாக அவள் பிள்ளையென்று தடவிக்கொடுத்த மரம் பிள்ளையைவிடப் பதின்மூன்று வயது சின்னது.

தினேஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் பெற்றவளுக்குப் புரிந்துவிட்டது.

“உனக்குத் தெரியுமா?”

“மொத நாளே போர்டப் பார்த்தேன்மா. அன்னிக்கு வீட்டுக்குப் போயி நீ ஒரு தட்டு சோறு சாப்பிட்ட. அப்பா போனதுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் சாப்பிட்ட. எப்படிச் சொல்றது?”

“நீயும் உங்கப்பன் மாதிரிதான். எனக்கு நல்லதுன்னு நெனச்சு வாய மூடிக்குவீங்க.” என்றாள் கருப்பம்மாள். “என் புள்ள பத்து மாசமா வேற எங்கயோ கெடந்து நான் கொஞ்சுறதக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கே.”

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். விக்னேஸ்வரன் நாசூக்காக விலகிப் போய்விட்டான்.

அழுது முடித்ததும் மடியிலிருந்த மஞ்சள் துணியை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியை மகளிடம் நீட்டினாள்.

“இந்தக் காட்டுலதான எங்கயோ இருக்கா. ஒவ்வொரு மரத்தடியிலயும் ஒரு சிட்டிகை எடு. நான் இந்த நெரை, நீ அடுத்தது.”

“நாநூறு மரம் இருக்கும்மா.”

“இருக்கட்டும்.”

காய்ந்த சருகு காலடியில் நொறுங்க இருவரும் குனிந்து குனிந்து நடந்தார்கள். “பாப்பா, வா. அம்மா வந்திருக்கேன்,” என்று மரத்துக்கு மரம் கருப்பம்மாள் சொல்லிக்கொண்டே போனாள். பக்கத்து நிரையில் சத்தமே இல்லை.

“கூப்பிட்டு எடுடி. கூப்பிடாம எப்படி வருவா?”

தினேஸ்வரி, நாற்பத்திரண்டு வயது, தலையில் பாதி நரை, மண்ணைக் கிள்ளிய கையோடு நின்றாள். பிறகு முழங்காலிட்டு, தரைக்கு அருகில் வாயைக் கொண்டுபோனாள்.

“அக்கா,” என்றாள். “வாக்கா. போலாம்.”