கயிறு கட்டியவர்

ஆஸ்பத்திரி வார்டு வேலையை விட்டுவிட்டு, சாகப்போகிறவர்களின் வீட்டுக்கே போய் வலி தணிக்கும் புதுத் திட்டத்தில் கல்பனா சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் ஊர் ஊராக அவளுக்கு 'சாவு சிஸ்டர்' என்று பேர் விழுந்துவிட்டது. ஸ்கூட்டி தெருவில் நுழைந்தாலே பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

கரியமாணிக்கத்தில் இருசப்பனின் இடுப்பெலும்பைப் புற்று அரித்துக்கொண்டிருந்தது. அவர் பாயில் புரண்டால் அலறல் தெருமுனை வரை கேட்கும். கல்பனா மார்ஃபின் மாத்திரையை எடுத்து நீட்டினாள்.

"இதுல போதை எதுனா கீதுங்களா, சிஸ்டர்?" என்று கேட்டார்.

பொய் சொல்லக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "அபின்லருந்து எடுக்கறதுதான். ஆனா வலிக்குத்தான் தர்றோம், ஐயா."

அவ்வளவுதான். வாயை இறுக்கிக்கொண்டார். மணிக்கட்டில் அழுக்கேறிய கயிறு. சாராயத்தை விடுவதற்காக ஐயனார் கோயிலில் கட்டியது. இனி போதையைத் தொட்டால் அது மகள் சுவேதா தலையில் விடியட்டும் என்று அன்றைக்குச் சத்தியம் செய்திருந்தார். சுவேதாவுக்கு இப்போது நிறைமாதம்.

"குடிக்கசொல்ல வராத ரோஷம் இப்பதான் வந்துச்சாய்யா உனக்கு? முழுங்கித் தொலையேன்!" என்று மனைவி காசம்மாள் அழுதாள்.

"நீ சும்மா இருடி. எம் பொண்ணு."

கயிறு கட்டிவிட்ட பூசாரி சுப்பராயலுவைக் கல்பனா கெஞ்சிக் கூட்டிவந்தாள்.

"மருந்துக்கெல்லாம் சாமி கோச்சிக்காதுபா. நானே அறுத்துடறேன், குடு கைய."

இருசப்பன் கையை முதுகுக்கடியில் செருகிக்கொண்டார். "அவ பெத்து எடுக்கட்டும், சாமி. அப்பறம் அறுங்க."

கஞ்சியில் கரைத்துக் கொடுத்துவிடலாமா என்று காசம்மாள் காதோடு கேட்டாள். கல்பனா கூடாதென்று தலையசைத்தாள். நோயாளிக்குத் தெரியாமல் எதுவும் கொடுக்கக் கூடாது. அதையும் பயிற்சியில்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சுவேதாவுக்கு இடுப்புவலி எடுப்பதற்கு முன்பே இருசப்பன் போய்ச் சேர்ந்தார். கடைசி வரை கத்திக்கொண்டேதான்.

அடுத்த வாரம் மதகடிப்பட்டில் ஒரு வீடு. உலகநாதன் என்பவருக்கு வயிற்றில் கட்டி. மருமகள் சரண்யா வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"இன்னா சிஸ்டர், கரியமாணிக்கத்துல ஒருத்தர் ஒங்க மாத்திரைய துன்னுதான் செத்தாராமே?"

"அவர் சாப்பிடவே இல்லம்மா. சாப்பிட்டிருந்தா அவ்ளோ கத்தியிருக்க மாட்டார்."

"அப்ப நீங்க போற வூட்லலாம் ஏன் சாவு வுழுது?"

கல்பனா பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். உள்ளே உலகநாதன் அலறினார். சரண்யா கதவைச் சாத்தினாள். உள்ளே டிவி சத்தம் கூடியது.