ஆறு டெஸ்லாவுக்கு அருகே ஒரு மேடு

கனகலட்சுமி பெங்களூருக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் அவள் அம்மா சோலையம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். தல்லாகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. மறுநாள் ஆபரேஷன். அப்பா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை.

வார்டுக்கு வெளியே நின்று பெங்களூர் ஆய்வகத்தில் இருக்கும் சூர்யபிரகாஷுக்குப் போன் செய்தாள்.

"என்னால வர முடியாது சூர்யா. எனக்கு ஒதுக்குன மேக்னெட் நேரத்த வேற யாருக்காச்சும் குடுத்துருங்க."

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மொதல்ல அம்மாவப் பாருங்க," என்று வைத்துவிட்டான்.

அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாவை நினைத்துத்தான் அழ வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவளுக்கு அந்தக் காந்தத்தை நினைத்தும் அழுகை வந்தது.

திருப்பரங்குன்றம் சாலையில் ஒரு கல்லூரியில் அவள் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாள். பிஎச்.டி. படித்த காலத்திலிருந்தே அவளைப் பிடித்து வைத்திருந்தது ஒரே ஒரு கணக்கு. இரண்டு குறைகடத்திச் சுவர்களுக்கு நடுவே, கண்ணுக்கே தெரியாத மெல்லிய அடுக்கு ஒன்று. குவாண்டம் கிணறு என்பார்கள். அதில் விழுந்த எலக்ட்ரான்களால் மேலும் கீழும் போக முடியாது, பக்கவாட்டில் மட்டும் ஓடலாம். காந்தப்புலத்தைக் கொடுத்தால் அந்த ஓட்டமும் போய், இருந்த இடத்திலேயே வட்டமடிக்கும். ஒவ்வொரு வட்டத்துக்கும் இவ்வளவுதான் ஆற்றல் என்று ஏணிப்படி போல ஒரு வரிசை உண்டு. கிணற்றைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் ஒன்றுக்கு இரண்டாக ஏணிகள் கிடைக்கும். காந்தப்புலத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் ஓர் ஏணியின் படியும் இன்னோர் ஏணியின் படியும் ஒரே உயரத்துக்கு வரும். அந்த இடத்தில், வரைபடத்தில் மின்தடை சுத்தமாக இல்லாமல் போயிருக்க வேண்டிய பள்ளத்துக்கு நடுவே, சின்னதாக ஒரு மேடு எழும்பும். காந்தப்புலத்தை டெஸ்லாவில் அளப்பார்கள்; ஆறு டெஸ்லாவுக்கு அருகே அது வரும் என்பது அவள் போட்ட கணக்கு.

கணக்கு தாளில் இருந்தது. அந்த மேட்டைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் தீரவில்லை. மதுரையில் அப்படிப்பட்ட காந்தமும் இல்லை, அந்த அளவுக்குக் குளிர வைக்கத் திரவ ஹீலியமும் இல்லை. எங்கெங்கோ எழுதிக் கேட்டு, அப்படிக் கிணறு உள்ள ஒரு சின்னத் துண்டை வாங்கி, கல்லூரி உலையில் தானே அதற்கு மின் இணைப்புக்காக இண்டியம் உலோகப் பொட்டுகள் வைத்து, தங்கக் கம்பி இணைத்து முடித்தாள். சூர்யபிரகாஷ் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் இரண்டு நாள் கிடைத்தது.

இன்னொன்றும் இருந்தது. அவனும் அவளும் நாகமலைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் ஒன்றாக ஆராய்ச்சி செய்தவர்கள். ஒருநாள் காளவாசல் சிக்னலில் பச்சை விழுந்தும் பைக்கை எடுக்காமல் திரும்பி, "என்னையக் கட்டிக்கிறியா?" என்று கேட்டான். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்துத் தீர்த்தார்கள். அவள் சரியென்றாள். வேறு சாதி என்று அப்பா மறுத்துவிட்டார். அவரை மீறி வர அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவன் பெங்களூருக்குப் போனான். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறகு வேலை விஷயமாக மட்டும் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் வா, போ எல்லாம் வாங்க, போங்க என்று ஆகிவிட்டிருந்தது.

சாயங்காலம் அவனே திரும்பக் கூப்பிட்டான்.

"சாம்பிள கூரியர்ல போட்டா உடைஞ்சிரும். நானே வந்து வாங்கிட்டுப் போறேன்."

"அதுக்காக அங்கருந்து வரணுமா?"

"வாரேன்," என்றான்.

காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். தாடியில் நரை விழுந்திருந்தது. கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் கைப்பையிலிருந்து சிறிய டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். உள்ளே பிசின் மேல் ஒட்டியிருந்த துண்டு அரிசிக் குறுணை அளவுதான் இருக்கும்.

"மூணாவது பொட்டு சரியா ஒட்டல. கரண்ட அது வழியா விடாதீங்க."

"சரி."

"மெதுவாக் குளிர வைங்க. சட்டுனு இறக்குனா விரிசல் விட்டுரும்."

"சரிங்க."

சொல்வதற்கு அதற்கு மேலும் இருந்தது. டீ ஆறிப்போனது. அவன் டப்பாவைச் சட்டைப் பையில் வைத்தான், பிறகு என்ன நினைத்தானோ, எடுத்துக் கையிலேயே பிடித்துக்கொண்டான்.

ஆபரேஷனுக்குக் கொண்டுபோகுமுன் சோலையம்மாள் அவனைப் பார்த்துவிட்டாள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளியவரைக் கையால் நிறுத்தினாள். பிறகு, "சாப்ட்டீகளா தம்பி?" என்றாள்.

"சாப்பிட்டேம்மா. நல்லபடியா வாங்க."

மதிய பஸ்ஸில் அவன் திரும்பிவிட்டான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு நாள் கழித்து, அம்மா அசந்து தூங்கிய ஒரு பிற்பகலில் போன் அடித்தது. கனகலட்சுமி மாடிப்படித் திருப்பத்துக்குப் போய் நின்றுகொண்டாள். அவன் போனைக் கணினித் திரைக்கு நேராகப் பிடித்திருந்தான். பின்னால் பம்ப் ஓடும் சத்தம் கேட்டது.

"குளிர்ந்திருச்சு. ஆனா சிக்னல் ரொம்ப ஆடுது."

"ரெண்டாம் பொட்டையும் அஞ்சாம் பொட்டையும் மாத்திப் போட்டுப் பாருங்க."

மாற்றினான். கோடு அடங்கியது. காந்தப்புலத்தை ஏற்றத் தொடங்கினான். திரையில் கோடு அலை அலையாக ஏறி இறங்கிக்கொண்டே போயிற்று. அலைகள் பெரிதாகி, பள்ளங்கள் அடியைத் தொட்டன. நான்கு டெஸ்லா. ஐந்து. ஒரு பள்ளம் அகலமாகத் தட்டையாக வந்தது. ஆறுக்குச் சற்று முன்னால், அந்தத் தட்டையின் நடுவே, கோடு மெல்ல நிமிர்ந்து ஒரு சின்ன மேடாக எழுந்து மறுபடி விழுந்தது.

அவள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"கனகா," என்றான் அவன். "பாத்தியா?"

"பாத்துட்டேன்." கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "கீழ இறக்கிப் பாரு. திரும்பியும் வருதான்னு."

வந்தது, அதே இடத்தில். ஒரு நர்ஸ் அவளை விலக்கிக்கொண்டு படியேறினாள். உள்ளங்கை அளவுத் திரையில் அந்தக் கோடு நடுங்கியது. நெட்வொர்க் விட்டு விட்டு வந்தது. அந்தப் பம்ப் சத்தத்துக்குள், அந்த ஹீலியம் கலத்துக்குப் பக்கத்தில், அவன் தோளருகே தான் நின்றிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. எவ்வளவு அடக்கியும் அழுகை நிற்கவில்லை.

"அழுகுறியா?"

"இல்ல. நீ ஓட்டு. இன்னொரு தடவ பாப்போம்."

மார்கழி முடிவதற்குள் சோலையம்மாள் வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தாள். ஒருநாள் அவளாகவே, "பொங்க லீவுல பெங்களூரு போயிட்டு வா. பக்கத்து வீட்டு ஒச்சம்மா வந்து என்கூடப் படுத்துக்கிரும்," என்றாள். எதற்குப் போகச் சொல்கிறாள் என்று மகளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆய்வகத்தில் விடுமுறை அமைதி. இருவருமாகச் சேர்ந்து துண்டைப் பொருத்தினார்கள். குளிர வைத்தார்கள். மின்னோட்டம் போகவில்லை. பொட்டுகளை மாற்றிப் பார்த்தார்கள். சூடேற்றி மறுபடி குளிர வைத்தார்கள். திரையில் வெறும் இரைச்சல்தான் வந்தது. வெளியே எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது துண்டின் குறுக்கே முடியளவுக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"வேற துண்டு இருக்கா?" என்று கேட்டான்.

"இல்ல. துண்டு குடுத்தவங்ககிட்டயும் தீர்ந்திருச்சு."

"இவ்வளவு தூரம் வந்தும் பாக்க முடியலையே," என்றான் அவன், தன் தப்பு போல.

அவள் காந்தக் கலத்தின் வெளிச்சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே அவ்வளவு குளிர் இருந்தும் வெளியே சாதாரணமாகத்தான் இருந்தது. அவன் பக்கத்தில் வந்து நின்றான். ஹீலியம் ஆவியாகித் தீரும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். வேலை ஒன்றுமில்லாமல் அவன் பக்கத்தில் இருந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

பஸ் நிலையத்தில் மதுரை வண்டி வந்து நின்றது. அவளுடைய பை அவன் தோளில் இருந்தது. அதை அவன் இறக்கவில்லை.

"குடு," என்றாள்.

"தரணுமா?" என்று கேட்டான்.

நடத்துனர் மதுரை, மதுரை என்று கூவினார். ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். வண்டி போன பிறகு அவள் அம்மாவைக் கூப்பிட்டு, நாளைக்குத்தான் வருவேன் என்றாள்.

"ஏன், வேல முடியலையா?" என்று சோலையம்மாள் கேட்டாள்.

"முடியலம்மா."

"சரி. முடிச்சிட்டே வா," என்றாள் அம்மா.