வக்கீல் வைத்த மொய்

எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்ததே, அதில்தான் கொளஞ்சியம்மாளின் வழக்கு நடுரோட்டில் செத்தது. வழக்கே ஒரு புளியமரத்துக்காக. சங்கராபுரம் சாலையோரம், அவள் நிலத்துக்கும் பங்காளி ராமசாமி நிலத்துக்கும் நடு வரப்பில் நின்ற மரம். அது யாருக்குச் சொந்தம் என்று கோர்ட்டில் போய்க் கேட்பதற்குள், மறியல்காரர்கள் வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். கட்டையை ஆளுக்குப் பாதியாக இழுத்துக்கொண்டு வந்தபோதே பங்காளிச் சண்டையும் தீர்ந்துபோனது.

தீராதது வக்கீல் பீஸ். கம்மலைச் சேட்டுக் கடையில் அடகு வைத்து முந்நூறு ரூபாய் கொடுத்திருந்தாள். அம்மா போட்டு அனுப்பிய கம்மல். காதில் இப்போது துடைப்பக்குச்சி. தை பிறந்தால் தவணை முடிந்து கம்மல் முழுகிவிடும். அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறிப் போய் வக்கீல் இளஞ்செழியன் முன்னால் நின்றாள்.

“மரமே இல்லீங்க, இன்னாத்துக்குக் கேசு? நீங்களும் இன்னும் பிராது போடல. பணத்தக் குடுத்துடுங்க.”

“போடலன்னா? ஒரு மாசமா உன் கேஸையேதாம்மா யோசிச்சேன். யோசிக்கிறதுக்குத்தான் பீஸு.”

மனுஷன் கெட்டவர் இல்லை. பணம் உள்ளே வரும் வழி மட்டும்தான் அவருக்குத் தெரியும். அவளை அலையவிட்டார். கடைசியாகப் போனபோது கையில் ஒரு பத்திரிகையைத் திணித்தார். புது வீடு கட்டியிருந்தார், கிரகப்பிரவேசம். கட்சிக்காரர் ஒருவர் விடாமல் அழைத்தாயிற்று, மொய் விழுமே!

கொளஞ்சியம்மாள் போனாள். வடை பாயசத்தோடு வயிறாரச் சாப்பிட்டாள். பிறகு மொய் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா தங்கதுரையிடம் வந்தாள்.

“எம்பேர்ல முந்நூறு எழுதுங்க. பணம் முன்னாடியே வக்கீல் கையில குடுத்தாச்சி. வேணும்னா போய்க் கேளுங்க.”

தங்கதுரை போய்க் காதைக் கடித்தார். வக்கீலுக்கு முகமெல்லாம் பல். பீஸ் மொய்யாகக் கழிந்தது, தொல்லை விட்டது என்று தலையை ஆட்டிவிட்டார். மைக் அலறியது: “சங்கராபுரம் கொளஞ்சியம்மாள், முந்நூறு ரூபாய்!” பந்தலே திரும்பிப் பார்த்தது. ஐந்தும் பத்தும் மொய் வைத்த காலம் அது.

கார்த்திகையில் அவள் வெற்றிலை பாக்குத் தட்டோடு ஆபீசுக்கு வந்தாள். கட்சிக்காரர்கள் நிறைந்து உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்துத்தான் வந்தாள்.

“எங்க வூட்ல காதுகுத்துங்க. நீங்க கண்டிப்பா வரணும்.”

“யாருக்கு?”

“எனக்குத்தாங்க. எத்தினி நாளைக்குக் குச்சியே போட்டுக்கினு இருக்கறது? காதுல மறுபடி கம்மல் ஏறணுமில்ல.”

வக்கீலுக்கு அப்போதுதான் உறைத்தது. பீஸைத் திருப்பித் தராத வக்கீலை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யாதவன் ஊரில் தலைகாட்ட முடியாது. அதுவும் மைக்கில் சொன்ன மொய்.

வந்தார். வாசலில் சின்னப் பந்தல், மைக்குக்குப் பதில் ராமசாமியின் தொண்டை. முன்வரிசையில் சேட்டு, மடியில் கம்மல் பொட்டலத்தோடு. புளியங்கட்டை விற்ற காசில் வட்டியை மட்டும் அவள் முன்பே கட்டியிருந்தாள்.

“வக்கீல் ஐயா, முந்நூத்தியோரு ரூவா!” என்று ராமசாமி போட்ட சத்தம் ஏரிக்கரை வரை கேட்டது.

அங்கேயே முந்நூறும் சேட்டு கைக்குப் போனது. கொளஞ்சியம்மாள் குச்சிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கம்மலைத் திருகிக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

சாப்பாடு முடிந்து வக்கீல் கை கழுவி வந்தபோது, மிச்சமிருந்த ஒற்றை ரூபாயை வெற்றிலையில் வைத்து நீட்டினாள்.

“இது எதுக்கும்மா?”

“ஒரு மாசமா யோசிச்சீங்களே, அதுக்குங்க.”